எரிவாயுக் குழாயில் விரிசல்: ஓட்டமும் நிறுத்தமும்

நிலத்துக்கு அடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் உயரழுத்த எரிவாயுக் குழாய் இரண்டு விதமாகப் பழுதாகலாம். ஒன்று, துளை விழுந்து வாயு கசிவது. மற்றொன்று, குழாய் நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவு நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் இரு பக்கமும் ஓடுவது. கசிவைக் கண்டுபிடிக்கலாம், அடைக்கலாம். ஓடத் தொடங்கிய பிளவை எந்த மனிதக் கையாலும் தடுக்க முடியாது. அது எங்கே நிற்கும், நிற்குமா என்பதெல்லாம் குழாயின் எஃகைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தச் செய்தி தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களுக்கு அந்நியமானதல்ல. கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் கெயில் நிறுவனம் திட்டமிட்ட குழாய்த்தடம், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கிலோமீட்டர் செல்வதாக வரையப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்க வேண்டும் என்று 2013இல் தமிழக அரசு சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதற்கு நடுவே, 2014 ஜூன் 27 விடியற்காலையில், ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் ஊரில் அதே நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளும் தென்னந்தோப்புகளும் கருகின. வழக்கும் போராட்டமும் பெரும்பாலும் வழித்தடத்தையும் இழப்பீட்டையும் பற்றியே நடந்தன. பதிக்கப்போகும் குழாயின் எஃகு எப்படிப்பட்டது, அதில் விரிசல் ஓடினால் எத்தனை மீட்டரில் நிற்கும் என்ற கேள்வி அதே அழுத்தத்தோடு எழவில்லை. எழ வேண்டிய கேள்வி அது.

குழாய்ச் சுவரில் எந்தத் திசையில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உள்ளிருக்கும் வாயு எல்லாப் பக்கமும் தள்ளுவதால் சுவர் சுற்றுவாக்கில் இழுபடுகிறது. இந்தச் சுற்றுத்தகைவைக் கணக்கிட, அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கிச் சுவர்த் தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் போதும். மாதிரிக்கு 24 அங்குலம், அதாவது 610 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய், சுவர் 9.5 மில்லிமீட்டர், உள்ளே 90 பார் அழுத்தம். சுற்றுத்தகைவு ஏறத்தாழ 289 மெகாபாஸ்கல் வருகிறது. நீளவாக்கில் இழுப்பது இதில் பாதியளவே. அதனால்தான் குழாய் குறுக்கே துண்டாவதை விட நீளவாக்கில் பிளப்பதே இயல்பு. குறுக்கே முறிந்தால் முறிவு ஒரு சுற்றோடு முடிந்துவிடும். நீளவாக்கில் பிளந்தால் அதற்கு முன்னே கிலோமீட்டர் கணக்கில் பாதை கிடக்கிறது.

எக்ஸ்65 என்ற தர எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவது 448 மெகாபாஸ்கலில். அப்படியானால் மேலே சொன்ன குழாய் தன் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கில்தான் வேலை செய்கிறது, பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் விரிசல் இல்லாத சுவருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். சுவரில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் கணக்கே வேறு. பள்ளிபாளையத்தில் தறித்துணியைக் கையாளும் எவருக்கும் இது தெரியும்: முழுத்துணியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது, ஓரத்தில் கத்தரியால் அரை அங்குலம் வெட்டிவிட்டு இழுத்தால் சரசரவென்று கிழிந்துகொண்டே போகும். துணியின் நூல் மாறவில்லை. இழுவிசை முழுவதும் வெட்டின் நுனியில் வந்து குவிகிறது.

இப்படிக் குவிவதை 1913இல் பொறியாளர் இங்கிலிஸ் கணக்கிட்டுக் காட்டினார். 1921இல் வெளியான கட்டுரையில் ஏ. ஏ. கிரிஃபித் இன்னும் ஆழமாகப் போனார். கண்ணாடி இழைகளை வைத்து அவர் கண்டது இதுதான்: இழுபட்ட பொருளுக்குள் ஆற்றல் சேமிப்பாக இருக்கிறது, விரிசல் நீளும்போது அதில் ஒரு பங்கு விடுபடுகிறது, புதிய மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை விஞ்சும் கணத்தில் விரிசல் தானாக ஓடத் தொடங்கும். இதிலிருந்து கிடைத்த விதி எளிமையானது. விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் பொருள் தாங்கும் தகைவு பாதியாகிவிடும். எஃகில் மேற்பரப்பை உண்டாக்குவதற்கு ஆகும் செலவை விட நுனியில் உலோகம் இழுபட்டு நீள்வதற்கு ஆகும் செலவு பன்மடங்கு அதிகம். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் இர்வின் இதைச் சேர்த்துக்கொண்டு, பொறியாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வடிவத்துக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். எஃகின் வலிமை வேறு, முறிவெதிர்ப்பு வேறு என்ற பாடம் அதிலிருந்து வருகிறது. வலிமை என்பது எவ்வளவு இழுத்தால் நீளும் என்பது. முறிவெதிர்ப்பு என்பது, வெட்டு விழுந்த பிறகு எவ்வளவு ஆற்றலை விழுங்கிவிட்டுக் கிழியும் என்பது. வலிமை மிகுந்த எஃகு முறிவெதிர்ப்பில் ஏழையாக இருக்கலாம்.

எஃகின் முறிவெதிர்ப்பு வெப்பநிலையைப் பொறுத்தும் மாறுகிறது. 1943 ஜனவரி 16 இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்டில் துறைமுகத்தில் அசையாமல் நின்றிருந்த ஷெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நடுவே பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய பற்றவைப்புக் கப்பல்கள் பலவற்றுக்கு இதே கதி நேர்ந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்த எஃகு இழுபடும் குணத்தை இழந்து நொறுங்கும் குணத்துக்கு மாறுவதைக் காட்டினார். தறையாணி அடித்த பழைய கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் முழுவதும் ஒரே தகடு. குழாய்த்தடமும் அப்படித்தான்: ஏறத்தாழ 12 மீட்டர் நீளக் குழாய்களைப் பற்றவைத்துக் கோத்த ஒரே நீண்ட தகடு. எல்லா எஃகுக்கும் இந்தக் குணமாற்றம் இல்லை. சேலம் உருக்காலை உருட்டும் துருப்பிடிக்காத எஃகில் ஆஸ்டெனைட் வகை, கடுங்குளிரிலும் நொறுங்காது. அது விலை கூடியது. நெடுந்தூரக் குழாய்க்குக் கட்டுபடியாகாது. குழாய்க்கு வாய்த்தது சாதாரணக் கரிம எஃகு வகையே. அதனால் அதன் மாறுவெப்பநிலையைப் பயன்பாட்டு வெப்பநிலைக்கு மிகக் கீழே தள்ளிவைக்க வேண்டும்.

அப்படித் தள்ளிவைக்காததன் விளைவு 1960இல் அமெரிக்காவின் டிரான்ஸ்வெஸ்டர்ன் குழாயில் தெரிந்தது. 30 அங்குலக் குழாய். வாயுவை நிரப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் தொடங்கிய நொறுங்குமுறிவு சுமார் 13 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோட்டுப் பக்கம் பெருந்தூரம் போகும் நீளம் அது. ஒரு சிறு குறையால் இவ்வளவு நீளம் பாழாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை எஃகில் பாதியும் வாயுவில் பாதியுமாக இருக்கிறது. குழாய் பிளந்ததும் வாயு வெளியே பாய்கிறது. இனி உள்ளே அழுத்தம் குறையத்தானே வேண்டும்? குறைகிறது, ஆனால் குறைந்த செய்தி குழாய் நெடுகிலும் உடனே பரவுவதில்லை. அது வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில் செல்லும் ஓர் அழுத்தத்தளர்வு அலையாகவே நகர்கிறது. மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவாயுவில் அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர். நொறுங்குமுறிவு ஓடும் வேகம் நொடிக்கு 450 மீட்டருக்கும் மேல். விரிசலின் நுனி எப்போதும் அலையை முந்திக்கொண்டே போகிறது. நுனி சென்று சேரும் ஒவ்வோர் இடத்திலும் குழாய்க்குள் முழு அழுத்தம் அப்படியே இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தும் காரணம் எதுவும் நுனியை எட்டுவதேயில்லை.

இழுபட்டுக் கிழியும் எஃகில் நிலைமை தலைகீழ். இழுமுறிவு நொடிக்கு 100 முதல் 350 மீட்டர் வரைதான் ஓடும். தளர்வலை அதை முந்திவிடுகிறது. நுனி, அழுத்தம் குறைந்த வாயுவுக்குள் ஓட வேண்டியிருக்கிறது. எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்கிடலாம். நுனி ஒலியின் பாதி வேகத்தில் ஓடினால், தூய எரிவாயுவில், அது காணும் அழுத்தம் தொடக்க அழுத்தத்தில் சுமார் 56 விழுக்காடு. மாதிரிக் குழாயில் 90 பார் என்பது 50 பாராகும். 289 மெகாபாஸ்கல் 161 ஆகும். அந்தக் குறைந்த தகைவில் அதே வேகத்தைத் தக்கவைக்க முடியாவிட்டால் நுனி மெதுவாகும். மெதுவானால் இன்னும் குறைந்த அழுத்தம்தான் கிடைக்கும். இன்னும் மெதுவாகி, கடைசியில் நிற்கும்.

இழுபடும் எஃகு என்றாலே பிரச்சினை தீர்ந்தது என்று முதலில் நினைத்தார்கள். 1960களின் இறுதியில் அந்த நம்பிக்கையும் உடைந்தது: இழுமுறிவும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓட வல்லது என்று தெரியவந்தது. நுனிக்குப் பின்னால் பிளந்து விரியும் இரு மடல்களை, வெளியேறும் வாயு இன்னும் அகட்டித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே நுனியை முன்னே இழுக்கிறது. அமெரிக்காவின் பாட்டெல் நிறுவனத்தில் முழு அளவுக் குழாய்களை வெடிக்கவைத்துச் சோதித்து, 1970களில் மேக்ஸியும் உடன் பணியாற்றியவர்களும் இருவளைகோட்டு முறையை வகுத்தார்கள். அழுத்தத்துக்கு ஏற்ப விரிசல் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது ஒரு வளைகோடு. அது எஃகைச் சார்ந்தது. ஒவ்வோர் அழுத்த அளவும் குழாய்க்குள் எவ்வளவு வேகமாக நகரும் என்பது மற்றொரு வளைகோடு. அது வாயுவைச் சார்ந்தது. இரண்டும் வெட்டிக்கொண்டால், விரிசலும் அழுத்தமும் கைகோத்து ஓடக்கூடிய ஒரு வேகம் உண்டு என்று பொருள். வெட்டிக்கொள்ளாவிட்டால் எல்லா அழுத்தத்திலும் வாயுவே முந்தும், விரிசல் நிற்கும். இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலையில் எஃகுக்கு எவ்வளவு முறிவெதிர்ப்பு வேண்டியிருக்கிறதோ, அதுவே குழாய் வாங்கும்போது கேட்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. வலிமை கூடிய புதிய எஃகுகளுக்கு இந்த முறை தரும் எண் போதுவதில்லை என்று பின்வந்த சோதனைகள் காட்டியதால் திருத்தப் பெருக்கெண்களைச் சேர்க்கிறார்கள்.

வாயுவின் கலவைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஈத்தேனும் புரொப்பேனும் மிகுந்த வாயு, அழுத்தம் இறங்கும்போது ஒரு பகுதி நீர்மமாகக் குளிர்ந்து சேரும். அந்தக் கட்டத்தில் அழுத்தம் இறங்காமல் ஒரே மட்டத்தில் தங்குகிறது. நுனிக்குப் பின்னால் தள்ளல் நீடிக்கிறது. ஒரே குழாயில் தூய மீத்தேன் போகும்போது நின்றுவிடும் விரிசல், கலவை மாறினால் நிற்காமல் போகலாம். கரியமில வாயுவைக் கடத்தும் குழாய்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஆகவே வடிவமைத்த நாளில் எண்ணிய வாயு எது, இன்று குழாயில் ஓடும் வாயு எது என்பது அலுவலகத்தோடு முடங்கிவிட வேண்டிய விவரமல்ல.

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் செல்லும் குழாய்களில் இந்த ஓட்டம் ஏன் நிகழ்வதில்லை என்பதும் இதே கணக்கால் விளங்கும். நீர்மத்தில் ஒலி நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் செல்கிறது. நீர்மம் அழுத்தத்தால் சுருங்குவதும் மிகக் குறைவு. 90 பாரில் தண்ணீர் தன் கொள்ளளவில் அரை விழுக்காடு கூடச் சுருங்காது. அதே அழுத்தத்தில் ஒரு கனமீட்டர் எரிவாயு, வெளியே வந்தால் நூறு கனமீட்டர் அளவுக்கு விரியும். குழாய் பிளந்த கணமே நீர்மத்தின் அழுத்தம் சரிந்துவிடும். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து வயலில் பரவியது. நிலத்துக்கு அது பெருங்கேடு; ஆனால் குழாய் நெடுகப் பிளவு ஓடும் ஆபத்து அதில் இல்லை. சாயப்பட்டறைக் கொதிகலனையும் காகித ஆலைக் கொதிகலனையும் ஆய்வாளர்கள் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிப்பது நீர்மத்தின் இந்தக் குணத்தால்தான். டிரான்ஸ்வெஸ்டர்ன் போன்ற அனுபவங்களுக்குப் பின் குழாய்களையும் தண்ணீராலேயே, இயக்க அழுத்தத்தின் குறைந்தது 1.25 மடங்குக்கு ஏற்றிச் சோதிப்பது வழக்கமாயிற்று.

எஃகின் முறிவெதிர்ப்பை அளக்க இரண்டு சோதனைகள் நடைமுறையில் இருக்கின்றன. 1901இல் ஜார்ஜ் சார்பி வகுத்த சோதனையில், பள்ளம் வெட்டிய சிறு எஃகுத் துண்டை ஊசல் சம்மட்டியால் அடித்து உடைத்து, உடைய எத்தனை ஜூல் ஆற்றல் செலவாயிற்று என்று பார்க்கிறார்கள். பழைய குழாய் எஃகுகளில் அது 30 ஜூல் அளவில் இருந்ததும் உண்டு. கந்தகத்தை மிகக் குறைத்து, நையோபியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டிய இன்றைய எஃகில் 100, 200 ஜூல் கிடைக்கிறது. இரண்டாவது, 1960களில் பாட்டெல் உருவாக்கிய எடை வீழ்த்தும் சோதனை. குழாயின் முழுத் தடிமனும் உள்ள துண்டின் மேல் பெரும் எடையை விழச் செய்து, முறிந்த முகத்தைக் கண்ணால் பார்க்கிறார்கள். மினுமினுப்பாக இருந்தால் நொறுங்கியது; மங்கிச் சாய்வாக இழுபட்டிருந்தால் கிழிந்தது. முகத்தில் 85 விழுக்காடாவது இழுபட்டிருந்தால் அந்த வெப்பநிலையில் நொறுங்குமுறிவு ஓடாது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சேலம், நாமக்கல் மண்ணின் வெப்பத்தில் இந்தத் தேர்வு எளிது. ஆனால் வாயுவின் அழுத்தத்தைத் திடீரென இறக்கும் வால்வு நிலையங்களில், விரியும் வாயு குழாயை மிகவும் குளிரச் செய்யும். அங்கே குறைந்த வெப்பநிலைக்கே தேர்வு வைக்க வேண்டும்.

ஒரு தடத்தில் கோத்த குழாய்கள் எல்லாம் ஒரே முறிவெதிர்ப்பு உள்ளவை அல்ல. உருக்கிய தொகுதிக்குத் தொகுதி மாறும். ஓடிவரும் விரிசல் ஓரிரு குழாய்களைக் கடந்து, முறிவெதிர்ப்பு மிகுந்த குழாயில் நுழைந்ததும் பக்கவாட்டில் திரும்பி, வளையமாகச் சுற்றி நின்றுவிடுவதே பெரும்பாலும் நடப்பது. எஃகே போதிய அளவுக்குக் கிடைக்காத இடத்தில் நிறுத்திகள் வைக்கிறார்கள்: இடைவெளிவிட்டுத் தடித்த சுவருள்ள குழாய் ஒன்று, அல்லது குழாயைச் சுற்றி எஃகு உறை, அல்லது கண்ணாடியிழைக் கட்டு. சாலைக்கும் ரயில்பாதைக்கும் அடியில் போடும் தடித்த குழாய் இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மேலே மூடிய மண்ணும் மடல்கள் விரிவதைத் தடுத்து ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஓடைக்கரையில் மண் அரித்துக் குழாய் வெளியே தெரிய விட்டுவிடுவது இந்த வகையிலும் தவறு.

வால்வுகள் விரிசலை நிறுத்துவதில்லை. குடியிருப்பு அடர்த்தியைப் பொறுத்து 32, 24, 16, 8 கிலோமீட்டர் இடைவெளியில் அவை அமைகின்றன. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வால்வுக்கு அழுத்தம் இறங்கிய செய்தி போய்ச் சேரவே 20 நொடி ஆகும். விரிசலோ 12 மீட்டர்க் குழாயை நொடியில் ஒரு சிறு பங்கில் கடந்து, ஓரிரு நொடிகளில் தன் கதையை முடித்துவிட்டிருக்கும். வால்வின் பணி, அதற்குப் பின் எரியும் தீக்கு வாயு வரத்தை அறுப்பது. அதுவும் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் நடந்தது சான்று. 1956இல் பதித்த குழாயின் நீளவாக்குப் பற்றவைப்புக் குறையால் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். வாயுவை நிறுத்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஓட்டம் இப்படி. தொடக்கம் எங்கிருந்து வருகிறது? முழுச் சுவரையும் துளைத்த வெட்டு ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால்தான் ஓடத் தொடங்கும். மாதிரிக் குழாய்க்கு, நல்ல எஃகாக இருந்தால், அந்த எல்லை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அதைவிடச் சிறியது கசிவோடு நிற்கும். பெரியது பிளவாகும். இந்த எல்லையை எட்டவைப்பவை மூன்று.

முதலாவது, வெளியிலிருந்து விழும் அடி. 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியனில் 24 பேரைப் பலிகொண்ட வெடிப்புக்குக் காரணம், முன்னதாகக் கட்டுமான இயந்திரம் ஒன்று குழாயில் ஏற்படுத்தி, யாரும் தெரிவிக்காமல் விட்ட கீறல். அழுத்தம் கூடிய நாளில் அது பிளந்தது. நாட்டுக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் புறப்படும் திருச்செங்கோடு அருகில் இருக்க, வறட்சி வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் போர் போடும் இந்தப் பகுதியில், இதைவிட முக்கியமான எச்சரிக்கை இல்லை. ஜேசிபியின் பல் பட்டு நசுங்கிய குழாய் கசியாவிட்டாலும் பழுதானதே. அடிபட்டதைச் சொல்பவரைத் தண்டிக்காமல், சொன்னதற்கு நன்றி பாராட்டும் நடைமுறை இருந்தால்தான் அது வெளியே வரும். கல்லும் சுக்கானும் நிறைந்த நிலத்தில் குழிக்கு அடியில் மெத்தென்ற மண்ணைப் பரப்பாமல் குழாயை இறக்கினால், கல்லே இந்த அடியைக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, அரிப்பு. 2014இல் நகரம் ஊரில் நடந்த வெடிப்பில் குற்றவாளி இதுவே. உலர்ந்த வாயுவுக்கான குழாயில் தண்ணீரும் நீர்மக்கூறுகளும் கலந்த ஈரவாயு சென்றதால் சுவர் உள்ளிருந்து அரித்தது. 2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் அருகே 12 பேர் இறந்ததற்கும் இதே உள்ளரிப்புதான் காரணம். வெளியரிப்பைத் தடுக்கப் பூச்சும், குழாய்க்கு எதிர்மின்னழுத்தம் கொடுக்கும் மின்காப்பும் உண்டு. வயலோரத்தில் நடப்பட்டிருக்கும் சோதனைக் கம்பங்கள் அதை அளக்கத்தான். உள்ளரிப்புக்கு முதன்மையான மருந்து, வாயுவை உலர்த்தி அனுப்புவது. மூன்றாவது, பிறவிக் குறையும் வளரும் விரிசலும்: பற்றவைப்பில் உள்ள குறையும், மண்ணின் வேதிப்பொருளும் இழுவிசையும் சேர்ந்து மெல்ல வளர்க்கும் நுண்விரிசல்களும். இவற்றைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் வாயுவின் தள்ளலிலேயே ஓடும் ‘பிக்’ என்ற கருவியை அனுப்புகிறார்கள். ஒரு வகைப் பிக் காந்தப்புலத்தால் சுவர் மெலிந்த இடத்தையும், மற்றொரு வகை மீயொலியால் விரிசலையும் பதிந்து வருகிறது. மெலிவைக் காணும் பிக் மெல்லிய விரிசலைத் தவறவிடலாம். இரண்டும் தனித்தனியே ஓட வேண்டும்.

1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும்; பயன்பாட்டு உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். அந்தப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. தமிழ்நாட்டில் பேசப்பட்ட அகலம் 20 மீட்டர், விவசாயிகள் கணக்கில் 66 அடி. இந்தப் பட்டை குழாயைக் காப்பதற்கானது. மனிதரைக் காக்கும் தொலைவு வேறு. பன்னாட்டு வழக்கில் உள்ள சூத்திரப்படி, மாதிரிக் குழாய் பிளந்து எரிந்தால் தீயின் கடும் வெப்பம் எட்டும் ஆரம் ஏறத்தாழ 180 மீட்டர். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வீடுகளுக்காகத்தான் குடியிருப்பு அடர்த்தி கூடக் கூடச் சுவரைத் தடிப்பாக்கச் சொல்கிறது விதி. ஆளில்லாத வெளியில் எஃகின் எல்லையில் 72 விழுக்காடு வரை தகைவை அனுமதித்து, அடர்த்தி கூடும்போது 60, 50, 40 என்று இறக்குகிறது. தகைவு இறங்கும்போது விரிசல் ஓடத் தேவையான உந்துதலும் இறங்குகிறது. 40 விழுக்காட்டில் இழுபடும் எஃகில் நெடும்பிளவு ஓடுவது அரிது. குழாய் பதித்தபோது தோட்டமாக இருந்த இடம் பத்தாண்டில் வீட்டுமனையாகும் ஈரோடு, நாமக்கல் பக்கத்தில், அடர்த்தி வகுப்பை மறுபடி கணக்கிட்டு, தேவையானால் அழுத்தத்தைக் குறைக்கவோ குழாயை மாற்றவோ வேண்டும். குழாய் வருமுன் நடக்கும் கூட்டத்தில் கேட்கத் தக்கவை எண்களே: எஃகின் தரம், சுவர்த் தடிமன், சார்பி ஜூல், எடை வீழ்த்தும் சோதனையின் வெப்பநிலை, கணக்கிட்ட நிறுத்த நீளம், எந்த வாயுக் கலவைக்கு அது கணக்கிடப்பட்டது என்பவை.

இப்போது இயற்கை எரிவாயுவோடு ஹைட்ரஜனைக் கலந்து பழைய குழாய்களிலேயே அனுப்பும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. ஹைட்ரஜனில் ஒலி மூன்று மடங்கு வேகமாகச் செல்வதால் தளர்வலை விரைந்து ஓடி, நெடும்பிளவின் ஆபத்தைக் குறைக்கும். அதே ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி முறிவெதிர்ப்பைக் குறைத்து, சிறு விரிசல்கள் வளரும் வேகத்தைக் கூட்டும். வாயு பக்கத்து வளைகோடு நல்ல திசையிலும் எஃகு பக்கத்து வளைகோடு கெட்ட திசையிலும் நகர்கின்றன. ஒவ்வொரு குழாய்க்கும், அதன் எஃகின் மாதிரியை எடுத்து, கணக்கைப் புதிதாகவே போட வேண்டியிருக்கிறது.